பிள்ளையை வாங்கிக்கொள்ளும் கைக்குப் பயிற்சி வேண்டும்

காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. பால் குடித்தது, ஏப்பம் விட்டது, தூங்கப் போட்டார்கள். ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கப் போனால் உடம்பு சில்லிட்டுக் கிடக்கிறது. இப்படி ஒரு சாவு நடந்துவிட்டால் அந்த லயமே நடுங்கிப் போகிறது. நடுக்கம் தெளிந்ததும் முதல் கேள்வி பிறக்கிறது: "புள்ள யாருகிட்ட இருந்துச்சு?"

தாயிடம் இருந்தால், "தூக்கத்துல அமுக்கிட்டா" என்று ஒரு பேச்சு. பாட்டியிடம் இருந்தால், "கெழவி பால் புரையேற விட்டுட்டா" என்று இன்னொரு பேச்சு. ஆயாவிடம் இருந்தால் கேட்கவே வேண்டாம். அவள் அந்தத் தோட்டத்தில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. பழி போட ஆள் கிடைக்காவிட்டால் கண்ணேறு, காத்துக் கருப்பு, ஜாதகம். சில வேளை, போன வாரம் கிளினிக்கில் போட்ட தடுப்பூசி.

சம்பளத்தையும் வீட்டையும் பற்றி இந்தப் பகுதியில் நாம் நிறைய எழுதியிருக்கிறோம். இந்த முறை, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்களுக்காக, இந்தத் திடீர்ச் சாவைப் பற்றி எழுதுகிறோம். இதைப் பெருமளவுக்குத் தடுக்க முடியும் என்று உலகம் கண்டுகொண்டு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த அறிவு நம் லயத்து வாசல் வரை வந்ததா என்பதே நம் கேள்வி.

முதலில் இது என்னவென்று தெரிந்துகொள்வோம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை தூக்கத்தில் திடீரென இறந்துபோய், பிரேதப் பரிசோதனை செய்து, இறந்த இடத்தைப் பார்த்து, முன் நடந்ததையெல்லாம் விசாரித்த பிறகும் காரணம் கிடைக்காவிட்டால், அதை மருத்துவர்கள் 'திடீர்க் குழந்தை மரணம்' என்கிறார்கள். தொட்டில் மரணம் என்றும் சொல்வதுண்டு. 1969-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரையொட்டி நடந்த மாநாட்டில்தான் இதற்கு இந்தப் பெயரும் விளக்கமும் ஏற்பட்டன. இரண்டாம் மாதத்திலிருந்து நான்காம் மாதம் வரை இதன் ஆபத்து மிக அதிகம். இப்படி இறக்கும் பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்பது ஆறு மாதத்துக்குள்ளேயே இறக்கின்றன. முழுக் காரணம் இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் எது ஆபத்தைக் கூட்டுகிறது, எது குறைக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்துவிட்டது.

அதைத் தெரிந்துகொண்ட கதையை நம் மக்கள் அவசியம் அறிய வேண்டும். மேல்நாடுகளில் பல ஆண்டுகள் குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னவர்கள் படித்த மருத்துவர்களே. அமெரிக்காவின் புகழ்பெற்ற குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் 1950-களின் பிற்பகுதியிலிருந்து தம் புத்தகத்தில் அப்படித்தான் எழுதினார். கோடிக்கணக்கான தாய்மார் அதைப் படித்தார்கள், நம்பினார்கள்.

1985-இல் ஹாங்காங்கிலிருந்து டேவிஸ் என்ற மருத்துவர் ஒரு செய்தி சொன்னார். அங்கே நெருக்கடியான வீடுகள், ஏழைக் குடும்பங்கள். ஆனால் தொட்டில் மரணம் மிக அரிது. அங்குள்ள சீனத் தாய்மார் பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைக்கும் வழக்கம் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார் அவர். 1987 முதல் 1990 வரை நியூசிலாந்தில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. குப்புறப் படுக்கை, தாயின் புகைப்பழக்கம், தாய்ப்பால் இல்லாமை ஆகியவை ஆபத்து என்று அது காட்டியது. 1991 ஜூலையில் இங்கிலாந்தின் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஆன் டயமண்ட் தம் கைக்குழந்தையை இப்படிப் பறிகொடுத்தார். அவர் நியூசிலாந்துக்கே போய் விசாரித்துவந்து, அதே ஆண்டு டிசம்பரில் 'மல்லாக்கப் படுக்க வையுங்கள்' என்ற பிரச்சாரம் நாடு முழுக்கப் பரவக் காரணமாக நின்றார். 1994-இல் அமெரிக்காவும் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் இரு நாடுகளிலும் இந்தச் சாவு பாதிக்கும் கீழே இறங்கியது. புது மருந்தோ மெஷினோ இல்லை. படுக்கையை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

இதிலே ஒரு கசப்பான உண்மையும் உண்டு. குப்புறப் படுக்கை ஆபத்து என்பதற்கான ஆதாரம் 1970-லேயே மருத்துவ ஏடுகளில் இருந்தது என்றும், அதை அன்றே எடுத்துச் சொல்லியிருந்தால் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய இடங்களில் குறைந்தது 50,000 குழந்தைகள் பிழைத்திருக்கும் என்றும் 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்குச் சொன்னது. அறிவு ஏட்டிலே கிடந்தது, பிள்ளை மண்ணுக்குள்ளே போனது. படித்த நாட்டுக்கே இந்தக் கதி என்றால், தமிழில் ஒரு துண்டுத் தாள்கூட எட்டாத தோட்டத்துக்கு என்ன கதி?

"நம்ம பாட்டிமாரு எப்பவும் மல்லாக்கத்தானே போட்டாங்க, நமக்கெதுக்கு இந்தப் பாடம்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் பழைய வழக்கத்தில் நல்லது இருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் இன்று லயத்திலும் டவுன் வீட்டிலும் நிலைமை கலந்துபோய்க் கிடக்கிறது. "குப்புறப் போட்டா நல்லாத் தூங்கும்", "தலை தட்டையாகாது", "மல்லாக்கப் போட்டா பால் புரையேறும்" என்று கேள்விப்பட்டதை வைத்துக் குப்புறப் போடுகிறவர்கள் பலர்.

நம் மலைக்கென்று தனியாக ஓர் ஆபத்தும் உண்டு. அதுதான் குளிர். கீழே ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு இது புரியாது. இங்கே பகலிலேயே 25 டிகிரியைத் தாண்டுவது அபூர்வம்; இரவில் 15 டிகிரியை ஒட்டி இறங்குகிறது. சுங்கை பாலாஸ், புளூ வேலி பக்கம் விடியற்காலைப் பனியில் கை விறைக்கிறது. தாய்மனம் என்ன செய்யும்? இரண்டு சட்டை, கம்பளிக் குல்லா, காலுறை, மேலே கனமான போர்வை, பக்கத்தில் இரண்டு தலையணை. போதாததற்குக் கதவு, ஜன்னலை அடைத்து உள்ளே கரி அடுப்பு. குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை. அத்தனையும் அன்பினால் செய்வதுதான். ஆனால் அளவுக்கு மீறிய சூடு இந்தச் சாவின் ஆபத்தைக் கூட்டுகிறது. கனத்த போர்வை முகத்தில் விழுந்தால் மூன்று மாதக் குழந்தைக்கு அதைத் தள்ளத் தெரியாது. அடைத்த அறையில் கரி எரிந்தால் வரும் நச்சுக்காற்றுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அது பெரியவர்களையே கொல்லும்.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருவோம்.

வேலைச் சட்டத்தின்படி பெண் தொழிலாளிக்குப் பேறுகால விடுப்பு 2022 முடியும் வரை 60 நாள். 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து 98 நாள். இது தொழிற்சங்கங்கள் பல ஆண்டுகள் கேட்டுப் பெற்ற உரிமை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 98 நாள் என்றால் பதினான்கு வாரம், மூன்று மாதமும் சில நாளும். பேறுக்கு முன்பே விடுப்புத் தொடங்கியவர்களுக்கு அதுவும் இல்லை. அதாவது, ஆபத்து உச்சத்தில் இருக்கும் அந்த மாதங்களுக்குள்ளேதான் தாய் வேலைக்குத் திரும்புகிறாள். பிள்ளை இன்னொரு கைக்கு மாறுகிறது. விடியற்காலையில், தாய் பெரட்டுக்குப் போகிற அவசரத்தில், அரைத் தூக்கத்தில் இருக்கும் பிள்ளையை ஆயாவோ பாட்டியோ பக்கத்து வீட்டு அக்காவோ வாங்கிக்கொள்கிறார்.

இந்தக் கை மாறும் நேரம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் ரேச்சல் மூனும் அவருடன் சேர்ந்தவர்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே நடந்த திடீர்க் குழந்தை மரணங்களில் ஐந்தில் ஒன்று பிறர் பராமரிப்பில் இருந்தபோது நடந்தது என்று கண்டார்கள். அவற்றிலும் மூன்றில் ஒரு பங்கு, பிள்ளையை விடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே! வீட்டில் மல்லாக்கப் படுத்துப் பழகிய பிள்ளையைப் புது இடத்தில் குப்புறப் போட்டால் ஆபத்து பல மடங்கு ஏறுகிறது என்பதும் ஆய்வுகளில் தெரிந்தது. தாய்க்கு மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது. அவளிடமிருந்து பிள்ளையை வாங்கும் கைக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். நாம் வற்புறுத்துவது இதைத்தான்.

அந்தக் கை யாருடையது? ஒரு காலத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் ஆயாக் கொட்டகை இருந்தது. இன்று தேயிலை மலையில் கொழுந்து எடுப்பவர்களில் பெரும்பகுதி குடும்பத்தை ஊரில் விட்டுவந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். நம் குடும்பங்கள் குறைந்துவிட்டன. இருக்கிற குடும்பங்களிலும் பலர் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கம் கடையிலும் ஹோட்டலிலும் காய்கறித் தோட்டத்திலும் வேலை பார்க்கிறார்கள். பிள்ளையைப் பார்ப்பவர் பெரும்பாலும் லயத்தில் இருக்கும் ஒரு பாட்டி. 1984-ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு நிலையச் சட்டம், நான்கு வயதுக்குட்பட்ட நான்கு பிள்ளைகளோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தைத்தான் சமூக நல இலாகாவில் பதியச் சொல்கிறது. பதிந்த இடத்தில் வேலை செய்பவர்களுக்கு அடிப்படைப் பயிற்சி உண்டு. இரண்டு மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் நம் பாட்டியம்மாவைச் சட்டமும் தேடி வராது, பயிற்சியும் தேடி வராது. நாம்தான் தேடிப் போக வேண்டும்.

பயிற்சி என்றதும் பயப்பட வேண்டாம். அரை நாளில் முடிகிற பாடம் இது.

ஆறு மாதப் பிள்ளையானாலும் பத்து மாதப் பிள்ளையானாலும், ஒரு வயது முடியும் வரை ஒவ்வொரு தூக்கத்துக்கும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும். பகல் தூக்கத்துக்கும் அதே முறைதான். தானாகப் புரண்டுகொள்ளத் தெரிந்த பிறகு அது புரண்டால் விட்டுவிடலாம். விழித்திருக்கும்போது, நாம் பக்கத்தில் இருந்து குப்புறப் போட்டு விளையாட விடுவது நல்லது. தலை தட்டையாவதையும் அது தடுக்கும். படுக்கை சமமாகவும் கெட்டியாகவும் இருக்கட்டும். தலையணை, பொம்மை, தொளதொளத்த போர்வை எதுவும் வேண்டாம். பிள்ளை துள்ளாமல் இருக்கட்டும் என்று நெஞ்சின் மேல் சின்னத் தலையணை வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். தூங்கும்போது குல்லா வேண்டாம். கை கால் குளிர்ந்திருக்கிறதே என்று பார்க்காதீர்கள். பிடரியிலோ நெஞ்சிலோ கை வைத்துப் பாருங்கள். அங்கே வேர்த்திருந்தால் துணி அதிகம். பிள்ளை இருக்கிற அறையில் சிகரெட், பீடி, கொசுவத்தி, கரி அடுப்பு எதன் புகையும் ஆகாது. முதல் ஆறு மாதமாவது தாயின் அறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் தூங்கட்டும். குடித்துவிட்டு வந்தவர் பிள்ளையின் பக்கத்தில் படுக்கவே கூடாது. சோபாவில் பிள்ளையை அணைத்துக்கொண்டு கண்ணயரவும் கூடாது. தாய்ப்பால் கொடுப்பது ஆபத்தைக் குறைக்கிறது. இரண்டு, மூன்று, ஐந்தாம் மாதத் தடுப்பூசிகளைத் தவறாமல் போடுங்கள். ஆபத்து மிகுந்த மாதமும் ஊசி போடும் மாதமும் ஒன்றாக வருவதால் பழி ஊசி மேல் விழுகிறது. ஊசியால் இந்தச் சாவு வருவதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

"மல்லாக்கப் போட்டா புரையேறாதா?" என்பது எல்லாப் பாட்டிமாரும் கேட்கும் கேள்வி. பிள்ளை மல்லாக்கப் படுத்திருக்கையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கிறது. கக்கிய பால் மேல்நோக்கி ஏறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம். குப்புறப் படுத்தால் நிலைமை தலைகீழ். மல்லாக்கப் படுக்க வைக்கும் வழக்கம் நாடு நாடாகப் பரவிய பிறகும் புரையேறிச் செத்த பிள்ளைகள் கூடவில்லை. இதைப் பொறுமையாக, படம் போட்டு விளக்கினால் எந்தப் பாட்டியும் ஏற்றுக்கொள்வார்.

சேலைத் தொட்டிலையும் ஸ்பிரிங் தொட்டிலையும் பற்றிக் கேட்பார்கள். துணி வளைந்து பிள்ளையின் தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சு அடைபடும். துணி முகத்தை மூடினாலும் அதே கதிதான். ஆட்டித் தூங்க வைத்த பின் சமமான படுக்கைக்கு மாற்றிவிடுவதே பாதுகாப்பு. இதைச் சொல்லும்போது "உங்க பழக்கமே தப்பு" என்று அதட்டினால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள். நியூசிலாந்தின் மாவோரி மக்களிடம் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுப் படுக்கும் வழக்கம் பலமாக இருந்தது. "கூடாது" என்று சொல்லிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 2006 வாக்கில் மருத்துவர் டேவிட் டிப்பீனி-லீச்சும் அந்த மக்களின் கூடை முடையும் பெண்களும் சேர்ந்து, அவர்களுடைய நாரிலேயே ஒரு குழந்தைக் கூடை முடைந்தார்கள். பிள்ளை தாயின் பக்கத்திலேயே படுக்கும், ஆனால் தன் கூடைக்குள் படுக்கும். கூடையோடு பாடமும் சேர்ந்து வீடு வீடாகப் போனது. 2009-க்கும் 2015-க்கும் இடையில், பிறந்து ஒரு வாரம் கடந்த பின் ஒரு வயதுக்குள் நேரும் சாவு அந்நாட்டில் 29 விழுக்காடு குறைந்தது. மாவோரிக் குழந்தைகளிடம்தான் அதிகப் பலன் கிடைத்தது.

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1957-இல் மலாயாவில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் 75-க்கு மேல் ஒரு வயது காணாமல் இறந்தன. 1970-இல் அது நாற்பதை ஒட்டி இறங்கியது. இன்று ஏழை ஒட்டி நிற்கிறது. இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, கிராமத்து மருத்துவச்சிகளை அரசாங்கம் விரட்டாமல், 1966-ஆம் ஆண்டு மருத்துவச்சிகள் சட்டத்தின் கீழ்ப் பதிந்து, பயிற்சி கொடுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அன்று மருத்துவச்சிக்குச் செய்ததை இன்று ஆயாவுக்கும் பாட்டிக்கும் செய்யச் சொல்கிறோம்.

இனி, எவ்வளவு கவனமாக இருந்தும் சாவு வந்துவிட்ட வீட்டைப் பற்றி. எல்லாம் சரியாகச் செய்த வீட்டிலும் இது நடக்கிறது. ஆகவே பழி சொல்லும் வாயை அடக்குவதும் இந்தப் பயிற்சியில் ஒரு பாடம்தான்.

இப்படிப்பட்ட சாவில் போலீஸ் வரும், திடீர் மரணமாகப் பதியும், பிரேதப் பரிசோதனை நடக்கும். அது சட்டம். ஆனால் அழுதுகொண்டிருக்கும் தாய்க்கு அது தெரியாது, "என்னைப் புடிக்கவா வந்திருக்காங்க?" என்று பதறுவாள். மலாய் சரியாக வராத பாட்டியின் நிலை இன்னும் மோசம். அந்த நேரத்தில் சங்கக் கிளைத் தலைவரோ பயிற்சி பெற்ற ஒரு பெண்ணோ பக்கத்தில் நின்று, "இது எல்லாத் திடீர்ச் சாவுக்கும் நடக்கிற விசாரணை, உன் மேல குத்தம்னு இல்லம்மா" என்று சொல்ல வேண்டும். கேட்பதை மொழிபெயர்க்க வேண்டும். பரிசோதனை முடிவு என்னவென்று பின்னாளில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கேட்டு வாங்கித் தர வேண்டும். காரணம் தெரியாத சாவு என்று டாக்டர் வாயால் கேட்பது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய மருந்து.

நம் வழக்கத்தில் கைக்குழந்தை இறந்தால் புதைப்பதோடு சரி. பெரியவர்களுக்கு உள்ள எட்டும் பதினாறும் இல்லை. இதனால் துக்கம் கொண்டாட நாளே இல்லாமல் போகிறது. "சின்ன வயசுதானே, அடுத்தது பொறக்கும்" என்று சொல்லிவிட்டு ஊர் கலைந்துவிடுகிறது. அந்தத் தாய்க்கோ மார்பில் பால் கட்டி வலிக்கிறது. தகப்பன் வெளியே அழக் கூச்சப்பட்டுப் புட்டியைத் தேடுகிறான். மூத்த பிள்ளை, "நான் தொட்டிலை வேகமா ஆட்டினதாலயா?" என்று மனசுக்குள் வைத்துக் குமைகிறது. இவர்களைப் பார்க்க ஆள் வேண்டாமா? பிரிட்டனில் இதற்கென்றே 1971-இல் ஓர் அமைப்பு ஏற்பட்டது. பிள்ளையை இழந்த பெற்றோருக்கே பயிற்சி கொடுத்து, புதிதாக இழந்தவர்களுக்குத் துணையாக அது அனுப்புகிறது. அடுத்த பிள்ளை பிறக்கும்போது பயத்தில் தூங்காத தாய்க்குத் தாதிமார் மூலம் துணை நிற்கும் திட்டம் ஒன்றும் 1988-இல் அங்கே தொடங்கியது. வீட்டுக்கு வீடு சொந்தம் கொண்டாடும் தோட்டத்தில் இதைச் செய்வது நமக்கு அவர்களைவிட எளிது. என்ன சொல்வது என்று தெரியாவிட்டால் ஒன்றும் சொல்ல வேண்டாம். சோறு ஆக்கிக் கொண்டுபோய் வையுங்கள், உட்காருங்கள், பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேச அவள் விரும்பினால் கேளுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பேறுகால விடுப்பு, பிள்ளை பெற்ற தாய்க்குரியது. பிள்ளை இறந்து பிறந்தாலும், பிறந்து இறந்தாலும் 98 நாள் விடுப்பு அவளுக்கு உண்டு. "பிள்ளைதான் இல்லையே, வேலைக்கு வா" என்று எந்த மண்டோரும் கூப்பிட முடியாது. ஆனால் விடுப்பு முடிந்த பின் பிள்ளை இறந்தால், தாய்க்கும் தகப்பனுக்கும் துக்க விடுப்பு என்று வேலைச் சட்டத்தில் எதுவும் இல்லை. அதைக் கூட்டு ஒப்பந்தத்தில்தான் எழுதி வாங்க வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது இவை. நிர்வாகங்கள் ஆண்டுக்கு இரண்டு முறை, சம்பளம் பிடிக்காமல், அரை நாள் ஒதுக்க வேண்டும். பிள்ளை பார்க்கும் எல்லாரையும், தோட்டத்தில் பெயர் பதியாத பாட்டிமாரையும் சேர்த்து, அழைக்க வேண்டும். சுகாதார இலாகா, வீடு வந்து பிள்ளை பார்க்கும் கிராமக் கிளினிக் தாதிமார் மூலமும் தானா ராத்தா மருத்துவமனை மூலமும் இந்தப் பாடத்தைத் தமிழில் நடத்த வேண்டும். மூச்சு நின்ற குழந்தைக்கு முதலுதவி செய்வதைச் செம்பிறைச் சங்கத்தாரையோ செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் படையினரையோ அழைத்துக் கற்பிக்கலாம். வளைந்து நெளிந்து போகும் மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் வந்து சேரும் வரை பிள்ளை நம் கையில்தான் இருக்கிறது. சங்கக் கிளைகள் ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு பெண்களைத் தேர்ந்தெடுத்து, துக்க வீட்டுக்குத் துணை போகவும் போலீஸ், ஆஸ்பத்திரி காரியங்களுக்கு உதவவும் தயார் செய்ய வேண்டும். அடுத்த ஒப்பந்தப் பேச்சில் துக்க விடுப்பையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இலாகா வரும், நிர்வாகம் வரும் என்று காத்திருக்காமல் இன்றிரவே ஒன்று செய்யலாம். இதைப் படித்தவர்கள், பிள்ளை பார்க்கும் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். மூன்று மாத விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பப் போகும் தங்கச்சி யாராவது லயத்தில் இருந்தால், முதல் நாள் காலையில் பிள்ளையை ஒப்படைக்கும்போது அவள் ஒரு வார்த்தை சொல்லட்டும்: "மல்லாக்கவே போடுங்க ஆயா, குல்லா வேணாம்."